செவ்வாயும் சனியும் உன் நைனா போகிற இடம்

பிரபு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நைனா என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததுமே நீ "சரிம்மா, ஷிஃப்ட்டுக்கு டைம் ஆச்சு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவையாவது கண் அதன்மேல் ஓடும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இன்னும் கொஞ்ச நாளில் உனக்குக் கல்யாணம். "அவர் மூஞ்சிய அங்க பாக்கக்கூடாது" என்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. அதை மாற்றிக்கொள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அம்மா தூது வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே படிப்பாய். நீயும் என்னைப் போலத்தான், எதையும் சந்தேகப்பட்ட பிறகுதான் கையில் எடுப்பாய்.

என் சந்தேகம் சும்மா வந்ததில்லை. வண்ணாரப்பேட்டைக் கடையில் இத்தனை வருஷம் புடவை விரித்துப் போட்டவள் நான். எவள் வாங்க வந்திருக்கிறாள், எவள் பொழுதைப் போக்க வந்திருக்கிறாள் என்று முந்தானையைத் தொடுகிற விதத்திலேயே தெரிந்துவிடும். வீட்டிலும் எனக்கு அதே வேலைதான். உன் நைனா படியேறுகிற சத்தம், செருப்பைக் கழற்ற எடுத்துக்கொள்கிற நேரம், "சாப்டியாமே" என்று கேட்கிற குரல், எல்லாவற்றையும் பார்ப்பேன். கனிவாகக் கேட்டால் நிச்சயம் குடித்திருக்கிறார். அவர் எத்தனை முறை நிறுத்தினார் என்று உனக்கும் தெரியும். மாலை போட்டார். மலையிலிருந்து இறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்றே ஆரம்பித்தார். தர்காவில் கயிறு கட்டிக்கொண்டார். கயிறு நனையக்கூடாதென்று கையைத் தூக்கிக்கொண்டு குளித்தார், அதே கையால் குடித்தார். மாதா கோயிலில் முழங்கால் போட்டு அழுதார். உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். நீ பள்ளிக்கூடச் சட்டையோடு ஆடாமல் அசையாமல் நின்றாய். அசைந்தால் சத்தியம் பலிக்காது என்று நினைத்தாயோ என்னவோ. ஒவ்வொரு தடவையும் நான் நம்பினேன். பிறகு நம்புவதை விட்டுவிட்டேன். அதற்கப்புறம்தான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

உன் நிச்சயதார்த்தம் நடந்த விதத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டு மாற்றுகிற நேரத்தில் அவர் தள்ளாடிக்கொண்டு வந்து தீபாவின் அப்பாவைக் கட்டிப்பிடித்து, "சம்பந்தி, எம் புள்ள தங்கம், நான் தான் கலீஜு" என்று அழுததும், பழத்தட்டு கவிழ்ந்ததும், நீ அவரை மண்டபத்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் தள்ளியதும் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. உன்னோடு வேலை செய்கிற அந்தப் பெண் நல்ல பெண். அவள் வீட்டார் சாப்பிடாமல் எழுந்தபோது, "எனக்குக் கல்யாணம் பிரபுவோடப்பா, அவங்க அப்பாவோட இல்ல" என்று நின்றாள். நீ அன்றைக்கே ஓசூருக்குப் பஸ் ஏறிவிட்டாய். அதன் பிறகு இந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்கே கொஞ்ச நாள் தெரியவில்லை.

முதலில் அவர் பேச்சைக் குறைத்தார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் யார்டில் டூட்டி முடிந்து வந்ததும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார். கன்டெய்னர் யார்டில் கேட்டைத் திறந்து மூடுகிற மனுஷனுக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை? திரும்பி வரும்போது வாசனை இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். வாசனை வந்தால் என்ன செய்திருக்கிறார் என்று தெரியும். வாசனை வராவிட்டால் என்ன செய்திருக்கிறார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? துண்டை மோந்து பார்த்தேன். காலரை மோந்து பார்த்தேன். டீ வாசனைதான் வந்தது. பாஸ்கர் என்று ஒரு பெயர் அவர் போனில் அடிக்கடி வரும். உடனே எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவார், அங்கே நின்று மெதுவாகப் பேசுவார். ஒரு நாள் அவர் குளிக்கும்போது நான் எடுத்தேன். "யாருங்க நீங்க?" என்றேன். "அவரோட ஃப்ரெண்டும்மா. அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டான் அந்த ஆள். இத்தனை வருஷத்தில் அவரோட ஃப்ரெண்டு என்று சொன்னவன் எவனும் என் வீட்டுக்கு நல்லது செய்ததில்லை.

நேராகவே கேட்டேன். "எங்கய்யா போற?"

"மீட்டிங்குக்கு."

"இன்னா மீட்டிங்? கட்சியா?"

"இல்ல."

"பிரேயரா? எவனாச்சும் மதம் மாத்தறானா உன்ன?"

"அதெல்லாம் இல்லமே."

"அப்ப சங்கிலித் திட்டமா? சோப்பு, பவுடருன்னு தலையில கட்டுவானுங்களே, அதுவா?"

"போறேன், வரேன். அவ்ளோதான். வுடு" என்றார். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டு மும்தாஜிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொம்பள விஷயமா இருக்குமோன்னு நீ நெனிக்கிற, வாய்ல சொல்லல" என்றாள். ஆமாம், நினைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. குடிகாரப் புருஷனை இத்தனை காலம் தூக்கிச் சுமந்தவளுக்கு, அவன் சட்டை மடிப்புக் கலையாமல் வேறொருத்தி வீட்டுக்குப் போகிறான் என்ற நினைப்பு எப்படி இருக்கும் என்று நீ யோசித்துப் பார். "பேஜாரு புடிச்சு உக்காந்துகினு இருக்காத. ஒரு நாளு பின்னாலயே போய்ப் பாரு. எதுவா இருந்தாலும் தெரிஞ்சிடும்ல" என்றாள் மும்தாஜ்.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மெட்ரோவில் சீக்கிரம் வந்து, நம் தெருவுக்கு அருகே தேரடி பஸ் ஸ்டாப் பக்கம் மறைவாக நின்றேன். முகத்தில் மாஸ்க், தலையில் முக்காடு. அவர் பஸ் ஏறினார். நானும் முன்வாசல் வழியாக ஏறிப் பெண்கள் பக்கம் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். ராயபுரத்தில் இறங்கினார். நானும் இறங்கினேன். நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார். எதிரே ஒயின் ஷாப்.

அந்த நேரத்தில் எனக்கு வந்ததை என்ன சொல்வது? நிம்மதி வந்தது, பிரபு. 'பாத்தியா, நான் நெனச்சது சரி' என்று ஒரு நிம்மதி. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அவர் உள்ளே போகவில்லை. ரோட்டைத் தாண்டவும் இல்லை. மீன்கூடை ஏற்றிய வண்டிகள் குறுக்கே போய்க்கொண்டே இருந்தன. அவர் ஒரு கையால் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் யாருக்கோ போன் செய்தார். பேசினார் என்று சொல்ல முடியாது, கேட்டுக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் ஸ்கூட்டரில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பின்சீட்டைத் தட்டினார். உன் நைனா ஏறி உட்கார்ந்தார், ஸ்கூட்டர் போய்விட்டது. நான் நடுரோட்டில் நின்றேன்.

பக்கத்து டீக்கடையில் போய்க் கேட்டேன். "அண்ணே, இப்ப ஸ்கூட்டர்ல போனாரே, அவரு யாரு?"

டீ ஆற்றியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்துக்கு?"

"வேணும்."

"அவரு குடிகாரங்க மீட்டிங்காரரு. சர்ச்சுக்குப் பின்னால ஸ்கூலு கீதே, அங்க சாயங்காலமா கூடுவாங்கோ. டீ நம்ம கடைலேர்ந்துதான் போவும்."

"குடிகாரங்க மீட்டிங்கா?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டோரத்தில் குடித்தது போதாதென்று இப்போது சங்கம் வைத்து, ரூம் எடுத்துக் குடிக்கிறார்களா? அதுவும் கோயிலுக்குப் பின்னால், பிள்ளைகள் படிக்கிற இடத்தில்?

"டீயில இன்னா கலப்பாங்க?" என்று கேட்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "சக்கரதான்மா. போய்ப் பாரு. உனக்கா, வூட்டுக்காரருக்கா?"

நான் சர்ச் பக்கம் நடந்தேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் போர்டு கிடையாது. போர்டு வைக்காத தொழிலை நான் நம்பமாட்டேன். வராண்டாவில் என் வயதில் ஒரு பெண் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயரை ஸ்டெல்லா என்று வைத்துக்கொள். உண்மைப் பெயர் அது இல்லை. ஸ்கூட்டரில் வந்தவர்தான் பாஸ்கர், அதுவும் அவர் சொந்தப் பெயர் இல்லை. அங்கே கேட்ட பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், அதை நானும் மீற விரும்பவில்லை. உள்ளே ஒரு கதவு சாத்தியிருந்தது. ஆண்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

"என் வூட்டுக்காரர் உள்ள கீறாரா?" என்றேன். பெயரைச் சொன்னேன்.

"அது சொல்ல மாட்டோம்மா. யார் வராங்க, யார் வரலன்னு வெளியில சொல்றதில்ல."

"நான் அவரு பொண்டாட்டி."

"பொண்டாட்டிக்கும் சொல்றதில்ல."

"இன்னாம்மா திருட்டு வேல பண்றீங்க உள்ள? நல்ல வேலையா இருந்தா ஏன் மறைக்கணும்?"

அவள் துணியை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "நானும் மொத நாளு வந்து இதையேதான் கேட்டேன். இத விட மோசமா கேட்டேன். குடிக்காம இருக்கறதுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் ஒத்தாசையா உக்காந்து பேசறாங்க. அவ்ளோதான். வெளிய தெரிஞ்சா வேல போயிடும்னு பயப்படறவங்க வராங்க. பொண்ணு பாத்துகினு கீற வூட்டுக்காரங்க வராங்க. அவங்க பேரு வெளிய போச்சுன்னா அப்பால யாரு வருவா?"

"உங்களுக்கு இதுல இன்னா லாபம்?"

"என் வூட்டுக்காரர் காலைல எழுந்து பல்லு வெளக்கறாரு. அதுதான்" என்றாள். நான் நம்பவில்லை. லாபம் இல்லாமல் யாரும் நாற்காலி துடைக்கமாட்டார்கள் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

கதவு திறந்ததும் ஆட்கள் வெளியே வந்தார்கள். துறைமுகத்து ஆட்கள் இரண்டு பேர், ஒரு வாத்தியார் போல ஒருவர், காதில் கடுக்கன் போட்ட ஒரு இளைஞன். அந்தக் கூட்டத்தில் உன் நைனா என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. மாட்டிக்கொண்டதால் என்று நினைத்தேன். ஓடிவந்து என் கையைப் பிடித்து அவர் முதலில் கேட்டது, "பிரபுக்கு இன்னா ஆச்சு?" என்பதுதான். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால்தான் நான் அவரைத் தேடி அதுவரை வருவேன் என்று நினைத்திருக்கிறார். "ஒண்ணும் ஆவல" என்றேன். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. "சொன்னா நீ நம்ப மாட்ட. நம்பிட்டா அது இன்னும் பயம்" என்றார். நான் அந்தப் பதிலையும் சந்தேகப்பட்டேன். நன்றாகப் பேசுகிறவர்தானே, எத்தனை நல்ல வார்த்தை கேட்டிருக்கிறேன். மறுநாளும் காலரை மோந்து பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை பாஸ்கருக்கு நானே போன் செய்து, "வந்தாரா?" என்று கேட்டேன். "அத அவரையே கேளுங்கம்மா" என்றார். எரிச்சலாக வந்தது. ஒரு சாட்சிகூடக் கிடைக்காத இடத்தில் எதை வைத்து நம்புவது?

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியதே இனிமேல்தான் இருக்கிறது.

வீட்டு ஆட்களும் உட்காரலாம் என்று எப்போதாவது ஒரு கூட்டம் வைப்பார்கள். ஸ்டெல்லா கூப்பிட்டாள். இந்த முறை மறைந்து போகவில்லை, அவரோடு ஒன்றாகவே பஸ் ஏறிப் போனேன். பெஞ்சில் கடைசி வரிசையில், பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. தான் செய்ததைச் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். உன் நைனாவின் முறை வந்தது. நான் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினார்.

"எம் பையன் நிச்சயதார்த்தத்துல நான் இன்னா பண்ணேன்னு எனக்கு ஞாபகம் இல்ல. மத்தவங்க சொல்லித்தான் தெரியும். அவன் என்ன ஆட்டோல தள்னது மட்டும் ஞாபகம் கீது. ஒரு செருப்பு ரோட்ல வுழுந்துச்சு. அவன் எடுத்தாந்து, குனிஞ்சு, என் கால்ல மாட்டி வுட்டான். அழுதுகினே மாட்டனான். அப்ப அவன் மூஞ்சி எம் மூஞ்சிகிட்ட வந்துச்சு. அவன் மேலயும் வாசன வந்துச்சு. என் வாசன இல்ல அது. எனக்குத் தெரியாதா? அன்னிக்குத்தான் பயந்தேன். நான் செத்தாக்கூட இது சாவாதுன்னு பயந்தேன். அதான் இங்க வந்தேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் எழுந்தார். அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் சண்டை போட்டேன். அந்தச் சர்ச் சுவரோரம் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க, "எம் புள்ள மேல பழி போடறியா? நீ கெட்டது பத்தாதா?" என்று கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. "வூட்ல சொன்னா இததான் கேப்ப. அதான் அங்க சொன்னேன். அங்க பொய் சொன்னா எனக்குத்தான் நஷ்டம்" என்றார்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பித்தன. எத்தனை வருஷம் ஒரே ஆளை மோந்து மோந்து பார்த்தேன்! ஒரே வீட்டில் இன்னொரு ஆள் வளர்ந்ததை நான் மோந்து பார்க்கவே இல்லை. பொங்கலுக்கு வந்தபோது எந்நேரமும் நீ வாயில் புதினா மிட்டாய் போட்டிருந்தாய். "தொண்ட கட்டிக்கிச்சும்மா" என்றாய், மிளகுப் பால் போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ ஒருநாளும் போன் எடுத்ததில்லை. மாடிக்கு நண்பர்களோடு போய்விட்டு வந்து, என்னைத் தாண்டிப் போகாமல் சுவரோரமாகவே நடந்து உள்ளே போனாய். இந்த நடையெல்லாம் எனக்குப் புதுசா? உன் மேல் மட்டும் எனக்குச் சந்தேகம் வரவே இல்லை. அப்பனை வெறுக்கிற பிள்ளை அப்பனைப் போல ஆகமாட்டான் என்று நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. போன மாதம் தீபா எனக்குப் போன் செய்தாள். "அத்தை, காலைல ஆபீஸ்ல டம்ளர் பிடிக்கும்போது பிரபுவுக்குக் கை நடுங்குது. சின்ன வயசிலிருந்தே இப்படியா?" என்று கேட்டாள். நான் யோசிக்கக்கூட இல்லை. "ரத்தம் கம்மிம்மா அவனுக்கு, பீட்ரூட் சாப்பிடச் சொல்லு" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? உன் நைனா லாரி ஓட்டிய காலத்தில் அவர் முதலாளிக்கு "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று சொல்லிப் பழகிய வாய் இது. அந்தப் பெண் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பியிருக்கமாட்டாள். என்னைப் போலவே அவளும் கவனித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம், பிரபு. ஒரு தடவை தொற்றிக்கொண்டால் போகாது. புருஷன் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறான் என்று பார்க்க வைக்கும்.

உன் நைனா திருந்திவிட்டார் என்று நான் எழுதினால் நீ இந்தக் கடிதத்தை இந்த இடத்திலேயே கீழே போடுவாய். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் முன்பு அவரோடு லாரி ஓட்டிய பழைய தோஸ்து ஒருவர் எண்ணூரில் இறந்துபோனார். சாவுக்குப் போனார். சாயங்காலம் வந்தார். நான் அடுப்படியிலிருந்து எழுந்து, வழக்கம்போல அவர் பக்கத்தில் போனேன். நான் மூச்சை இழுப்பதற்கு முன்னால் அவரே, "இன்னிக்குக் குடிச்சேன்மே" என்றார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாஸ்கருக்குப் போன் பண்ட்டேன். நாளைக்குப் போயி அங்கயும் சொல்லணும்."

நான் கத்தவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட ஆமாம் என்று சொன்னதில்லை. தரையில் விழுந்து கிடந்தபோதும் இல்லை என்றார். உன் பள்ளிக்கூட வாசலில் மண்ணில் உட்கார்ந்திருந்தபோதும் இல்லை என்றார். நான் தேடித் தேடிக் கண்டுபிடிக்கிற வேலையை அன்றைக்கு அவரே செய்துவிட்டார். எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. சோற்றைப் போட்டேன். சாப்பிட்டார். மறுநாள் போனார். எழுந்து நின்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். போய்ப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு இதுவரை குடிக்கவில்லை என்கிறார். நான் இன்றைக்கும் காலரை மோந்துதான் பார்க்கிறேன். அவரும் நின்று காட்டுகிறார்.

இந்தக் கடிதம் எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டுமே. "என் கத தான, எழுது. ஆனா நான் நிறுத்திட்டேன்னு எழுதாத. போய்கினு கீறேன்னு மட்டும் எழுது" என்றார். உன் கல்யாணத்துக்கு நீ கூப்பிட்டால் வருவார். கூப்பிடாவிட்டால் அன்றைக்குக் காலையிலிருந்தே பாஸ்கர் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. அதை என்னிடம் சொல்லும்போது அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் உனக்கு எழுதியிருக்கமாட்டேன். நான் எப்படியும் வருவேன், உன் பக்கத்தில் நிற்பேன். அதில் மாற்றம் இல்லை.

உன்னிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். எவ்வளவு, எப்போதிலிருந்து, யாரோடு என்றெல்லாம் கேட்கமாட்டேன். அந்தக் கேள்விகளுக்கு வருகிற பதில்களை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். 'வாரத்துக்கு ஒரு தடவைதான்மா, எல்லாரும்தான் சாப்பிடறாங்க, நான் அவரு மாதிரி இல்ல.' கடைசியில் சொல்வாயே, அவரு மாதிரி இல்ல என்று, அதை நினைத்துத்தான் எனக்குப் பயம். அவரும் தன் அப்பாவைப் பற்றி அதையேதான் சொன்னார், எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், என்னிடமே. அன்றைக்கு எனக்கு யாரும் ஒரு கடிதம் எழுதவில்லை. தீபாவிடம் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது நீ சொல்ல வேண்டியது, தாலி கட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டியது. ஆனால் இன்னொரு தடவை அவள் என்னைக் கேட்டால், என் வாயிலிருந்து பொய் வராது. இதையும் தெரிந்துகொள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் ஓசூருக்கு வருகிறோம். உன் வீட்டுக்கு இல்லை. ஸ்டெல்லா விசாரித்துச் சொன்னாள், அங்கேயும் காலையில் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறதாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். இடத்தை உன் போனுக்கு அனுப்பச் சொல்கிறேன். உன் நைனா உள்ளே போய் உட்காருவார். அவர் போவது அவருக்காக. உன்னை இழுத்துக்கொண்டு போவதற்கு இல்லை. நான் வெளியே நிற்பேன். நீ இதை நம்ப வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம், அவரையும் நம்ப வேண்டாம், அந்தக் கூட்டத்தையும் நம்ப வேண்டாம். இவர்கள் என்ன நாடகம் ஆடுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவாவது வா. நான் போனதும் நம்பி இல்லை.

சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன். மூன்று பேருக்கு.

அம்மா